ஐந்தாவது கை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் தரப் பரிசோதனையில் இருந்தேன். மரை சரியில்லாத ஒரு போல்ட் கையில் அகப்பட்டால் போதும், அந்த ஷிப்டில் இருந்த அத்தனை பேருக்கும் அன்றைக்கு அர்ச்சனைதான். "அந்தம்மா வருது, வாயக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்று லேத்துக்காரர்கள் சொல்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். தப்பைத் தப்பு என்று சொல்லத்தானே எனக்குச் சம்பளம்.

அந்தக் கம்பெனி கதவைச் சாத்திய பிறகு சூலூர்ப் பக்கம் ஒரு டிரோன் கம்பெனியில் சேர்ந்தேன். தோட்டந்தோட்டமாகப் போய் மேலிருந்து பூச்சிமருந்து அடித்துக் கொடுக்கிற கம்பெனி. டிரோன்களைச் சரிபார்ப்பது என் வேலை. எங்கேயாவது ஒன்று விழுந்தால், ஏன் விழுந்தது என்று விசாரித்து எழுதுவதும் என் வேலை. தென்னை மட்டையில் இடித்தது, கரண்டுக் கம்பியில் சிக்கியது, கிணற்றுக்குள் போனது என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆளுக்கு அடிபட்டது என்று அதுவரை ஒன்றும் எழுத நேர்ந்ததில்லை.

அன்றைக்கு எட்டே முக்கால் வாக்கில் போன் வந்தது. எங்கள் பைலட்களில் ஒருத்தி. நாற்பதை நெருங்குகிற வயது.

"மேடம், மேல கெளம்பும்போதே சாஞ்சுருச்சுங்க. தோட்டத்துக்காரருக்குக் கையில அடிங்க. ஆசுபத்திரியில இருக்கோமுங்க."

குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் ஆசுபத்திரிக்குப் போகவில்லை. முதலில் தோட்டத்துக்குத்தான் போனேன். விழுந்த இடத்தை யாரும் கலைத்துவிடக் கூடாது, அது எங்கள் முறை. ஒரு மனுஷன் அடிபட்டுக் கிடக்கும்போது இரும்பைப் பார்க்க ஓடினாயே என்று யாராவது கேட்டால், ஆமாம், ஓடினேன்.

பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது தோட்டம். மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. குருத்துக்குள் புழு இறங்கியிருந்ததால் மருந்தடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். டிரோன் கிளம்புவதற்காகச் சுண்ணாம்பில் போட்டிருந்த வட்டம் அப்படியே இருந்தது. சுற்றிலும் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றின் ஒரு பக்கம் அறுந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் டிரோன் குப்புற விழுந்து கிடந்தது. மருந்து கொட்டி மண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் இரத்தமும் இருந்தது. எது எந்த ஈரம் என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.

தோட்டத்துக்காரரின் மனைவி மாட்டுக் கட்டுத்தறி ஓரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் புருஷனின் துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். அந்த நிலைமையிலும் கேட்டார். எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான், உயிர் போகிற நேரத்திலும் வந்தவரை "வாங்க" என்று சொல்லாமல் விடமாட்டார்கள்.

எங்கள் டிரோனுக்கு ஆறு கை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டார், ஒரு விசிறி. வண்டியில் ஏற்றிப் போவதற்காகக் கைகளை மடக்கி வைப்போம். விரித்த பிறகு மறுபடி மடங்காமல் இருக்க ஒவ்வொரு கையிலும் ஒரு வளையம் உண்டு. அதைக் கையால் முறுக்க வேண்டும். முறுக்கியிருந்தால் ஒன்றும் தெரியாது. முறுக்காமல் விட்டால் வளையத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடு தெரியும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற ஏற்பாடு.

ஆறையும் பார்த்தேன். ஐந்து சரியாக இருந்தன. ஐந்தாவது கையில் மட்டும் வளையம் விலகி, சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. மரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீறல் இல்லை, சிதைவு இல்லை. விழுந்த அதிர்ச்சியில் கழன்றிருந்தால் மரை நசுங்கியிருக்கும். இது முறுக்கவே படாத வளையம். மேலே கிளம்பியதும் அந்தக் கை மடங்கியிருக்கிறது, டிரோன் அந்தப் பக்கமாகச் சாய்ந்து கயிற்றைத் தாண்டிப் பாய்ந்திருக்கிறது. கயிற்றுக்கு அந்தப் புறம், பேரனுக்கு அனுப்புவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு நின்றிருந்திருக்கிறார் மனுஷன்.

சரிபார்ப்புத் தாள் அட்டையில் செருகி இருந்தது. இருபத்திரண்டு வரி, நானே உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்த தாள். ஒன்பதாவது வரி: ஆறு கை வளையமும் முறுக்கியாச்சா, சிவப்பு தெரியக் கூடாது. அதற்கு நேராக நீல மையில் அழகாக டிக் அடித்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முறுக்காமல் விட்டதைக்கூட மன்னித்துவிடலாம். முறுக்காமலே முறுக்கியதாக டிக் போட்டிருக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ஆசுபத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுடிதாருக்கு மேல் போட்டிருந்த கம்பெனிச் சட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே தோட்டத்துக்காரருக்குக் கையில் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"ஒம்பதாவது வரி என்ன?" என்றேன்.

"ஆறு கை வளையமும் முறுக்கியாச்சா, செவப்பு தெரியக் கூடாதுங்க."

"முறுக்கினியா?"

"அஞ்சாவது உட்டுப்போயிருச்சுங்க மேடம்."

"அப்புறம் எப்படி டிக் போட்டே?"

"முறுக்கிட்டேன்னு நெனச்சுப்போட்டேனுங்க. என் தப்புதானுங்க."

"நெனப்புத்தான் பொழப்பைக் கெடுக்குது" என்றேன். வேடிக்கையாகச் சொல்கிற பேச்சு அது. அந்த இடத்தில், அந்த இரத்தக் கறைக்கு முன்னால், அதை நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்றால் பக்கத்து அறையிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. ஒரு மனுஷன் கை போயிற்றே, உனக்கு ராத்திரி தூக்கம் வருமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவள் நின்றபடியே எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றாள்.

"எத்தன மணிக்கு உழுந்துச்சு?"

"எட்டேகாலுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

எங்கள் முதலாளி பழைய மில் குடும்பத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் அசல் கொங்குத் தமிழ். கோபப்பட மாட்டார், சுற்றி வளைக்கவும் மாட்டார். "பைலட்டோட கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துருங்கம்மா. ஆசுபத்திரிச் செலவெல்லாம் நாம பாத்துக்கலாம். இதை வளத்த வேண்டாம்" என்றார்.

நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். சரி என்றதோடு நில்லாமல் இன்னொன்றும் சொன்னேன். "காலையில போன் போட்டுக் கண்டிச்சிருக்கேனுங்க. முந்தின நாள் செக் லிஸ்ட்டுல கையெழுத்தே இல்ல, பொறுப்பு வேண்டாமான்னு கேட்டேன். கேட்டு ஒரு மணி நேரந்தான் ஆச்சு, இப்படிப் பண்ணிப்போட்டா."

அவர் தலையை ஆட்டினார். என் பொறுப்புணர்ச்சியை மெச்சுகிற மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கவனக்குறைவு, அதற்கு மேல் பொய்யான டிக். அவளுடைய பைலட் சான்றிதழ் போய்விடும். இனி எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்காது. பதினைந்து வருஷம் விசைத்தறியில் நின்று கால் நரம்பு சுருண்டவள் அவள். புருஷனுக்கு நெஞ்சில் பஞ்சு அடைத்து மூச்சு வாங்குகிற சீக்கு, அவர் வேலைக்குப் போய் நாளாயிற்று. மகளிர் குழுவில் பேர் கொடுத்து, பயிற்சிக்குப் போய், இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்து தேறியவள். தெருவில் அவளைப் பைலட்டம்மா என்று கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை வெட்கத்தோடு சொல்லியிருக்கிறாள். இத்தனையும் தெரிந்துதான் நான் பேனாவை எடுத்தேன். தப்பு தப்புதான் என்பது என் கட்சி.

டிரோனுக்குள்ளே ஒரு பதிவு இருக்கும். எப்போது மோட்டார் ஓடியது, எப்போது தரையை விட்டுக் கிளம்பியது, எப்போது சாய்ந்தது, எல்லாம் நொடி சுத்தமாக எழுதி வைத்திருக்கும். அதைப் பிரித்து எடுத்து எங்களுக்கு அனுப்ப டிரோன் செய்தவர்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. கிளம்பிய நேரம் ஒன்று நாற்பத்திரண்டு என்று இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ராத்திரி ஒன்னே முக்காலுக்கா மருந்தடிச்சாங்க?" என்றார். அந்தப் பதிவு நம் ஊர் நேரத்தில் இருக்காது, ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டே மனசுக்குள் கூட்டினேன். ஏழு பன்னிரண்டு வந்தது.

எட்டேகால் இல்லை. ஏழு பன்னிரண்டு.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மறந்துபோனாள் என்றால் பத்து நிமிஷம் முன்னே பின்னே சொல்லலாம், ஒரு மணி நேரமா தப்பும்? எதையோ மறைக்கிறாள். இடையில் யார் வந்தார்கள், வேறு யார் கையில் ரிமோட்டைக் கொடுத்தாள், என்ன கூத்து நடந்தது? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும்தான். நேராக அவள் வீட்டுக்குப் போய்ப் பிடித்து உலுக்கிவிடலாம் என்று கிளம்பியவள், சாட்சியோடு போகலாம் என்று தோட்டத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.

தோட்டத்துக்கார அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் இன்னும் ஆசுபத்திரியில்தான் இருந்தார். ரெண்டு விரல் இனி மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஏனுங்கம்மா, அன்னைக்கு உழுந்தப்ப எட்டேகால் இருக்குங்களா?" என்றேன்.

"எட்டேகாலுங்களா? இல்லீங்க. பால் வண்டி வர்ற நேரமுங்க அது. ஏழேகாலுக்கு வந்துரும். அந்த வண்டியிலதானுங்க இவரத் தூக்கிப் போட்டு அனுப்புனோம்."

"அந்தப் புள்ள கிளப்பறதுக்கு முன்னால என்ன பண்ணிட்டு இருந்துச்சு? வேற யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலீங்க. கூட ஒத்தாசைக்கு வர்ற புள்ளகூட ஒறம்பரை ஊட்டுக் கலியாணச் சீருக்குப் போயிருச்சுன்னு அது ஒண்டியாத்தான் வந்துச்சு. நாந்தான் பேட்டரிய வெச்சுக்கிட்டுக் கிட்ட நின்னேன். அது கீழ குத்தவெச்சு ஒவ்வொரு கையா முடுக்கிட்டு இருந்துச்சுங்க. நடுவுல போன் வந்துச்சு."

"போனா?"

"ஆமாங்க. யாருன்னு பாத்துப்போட்டு டக்குனு எந்திரிச்சு நின்னுருச்சு. தலையில போட்டிருந்ததக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, 'சொல்லுங்க மேடம், சரிங்க மேடம், தப்புத்தானுங்க மேடம்'னு நின்ன மேனிக்குப் பேசுச்சுங்க. வெகு நேரம். மூஞ்சியே செத்துப்போச்சு. அப்பறம் ஏதோ காயிதத்த எடுத்துக் கையெழுத்துப் போட்டு, மண்ணுல வெச்சுப் போட்டோ எடுத்துச்சு. பெரிய எடத்துப் போனாட்ட இருக்குதுன்னு நானும் பேசாம இருந்தேன்." தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க அந்தக் கம்பெனிதானுங்களே. யாருங்க அது, அந்நேரத்துல கூப்புட்டது?"

ஐம்பத்தைந்து வயசில் முதல்முறையாக எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

விபத்தன்று காலை மாதா கோவிலில் பூசை முடிந்து, வாசலில் நின்றபடிதான் அவளைக் கூப்பிட்டேன். சாமியார் கையால் வாயில் நன்மை அப்பம் வாங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவள் அனுப்பிய முந்தின நாள் தாளின் படத்தில் கையெழுத்து இல்லாதது ராத்திரியே என் கண்ணில் பட்டிருந்தது. மனசில் வைத்திருந்து விடிந்ததும் கொட்டினேன். மரத்தடியில் வண்டியின் மேல் உட்கார்ந்து போனை எடுத்து அழைப்புகளைப் பார்த்தேன். ஏழு நாலுக்கு அவளுக்குப் போயிருந்தது. ஐந்து நிமிஷம் பேசியிருக்கிறேன். ஐந்து நிமிஷமும் நான்தான் பேசினேன். கடைசியில், "இப்பவே கையெழுத்துப் போட்டு எனக்குப் படம் அனுப்பு, அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பொழுது விடிந்து இளவெயில் ஏறும் நேரத்தில் எங்கள் பைலட்கள் எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? காற்று எழும்புமுன் மருந்தடித்து முடிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான்.

படமும் வந்திருந்தது. ஏழு பத்துக்கு. அதற்குக் கீழே 'சரி' என்று நான் பதில் போட்டிருந்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். செம்மண்ணில் முந்தின நாள் தாள். காற்றில் பறக்காமல் இருக்க மூலையில் ஒரு கல். கீழே சுத்தமாக அவள் கையெழுத்து. அன்றைக்கு நான் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தேன். இப்போது படத்தின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். டிரோனின் ஒரு கை அங்கே பாதி தெரிந்தது. கையில் ஐந்து என்று எண் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு.

கிளம்புவதற்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே அது என் கைக்கு வந்துவிட்டது. மூன்று நாளாக என் பையிலேயே இருந்தது. முதலாளி முன்னால் நான் பீற்றிக்கொண்டபோதும் அது என் பையில்தான் இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று ஊரார் சொல்வதை நானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்துக்கார அம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் வீடு இருப்பது தறிக்காரத் தெருவில். இரண்டு பக்கமும் தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, சுவரோரமாக நின்றாள்.

"உக்காரு."

"பரவால்லீங்க மேடம்."

"உக்காரு அம்மணி. தயவு பண்ணி என் முன்னால நிக்காத."

உட்கார்ந்தாள். போனைத் திருப்பி அந்தப் படத்தைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு ஆசுபத்திரியிலயே பாத்துப்போட்டேனுங்க."

"அதுக்குத்தான் எட்டேகால்னு சொன்னியா?"

புருஷன் உள்ளே இருமுவது கேட்டது.

"வேலையா இருக்கேன், அப்பறம் கூப்புடறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன தலைய எடுத்துருவனா?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்தது, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அதற்கும் சேர்த்து ஒரு அரை மணி நேரம் திட்டியிருப்பேன்.

"நீங்க பேசிட்டு இருக்கறப்ப எப்படிங்க நிறுத்தறது? பெரியவங்க பேசறப்ப நடுவுல வெட்டிப் பேசி எனக்குப் பழக்கமில்லீங்க. போன மொதல்ல நான் வெச்சதும் கெடையாதுங்க. நீங்க வெச்சப்பறம் கையெழுத்துப் போட்டுப் படத்த அனுப்பிச்சனுங்க. எது வரைக்கும் முடுக்குனேன்னு ரோசன பண்ணுனேன். ஆறும் ஆயிருச்சுன்னுதான் மனசுக்குப் பட்டுச்சு."

"அப்ப ஏன் சொல்லல? உன் பொழப்பு போகுது, தெரியுமல்ல?"

"என் கைதானுங்க முடுக்காம உட்டுச்சு. உங்களுக்கு எதுக்குங்க கெட்ட பேரு?"

எனக்கு அவள் மேல் மறுபடியும் கோபம் வந்தது. எதற்கு இவ்வளவு மரியாதை, இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதுவிட்டேன். கோவிலில் முழங்காலில் நின்று கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமியாரிடம் பாவத்தைச் சொல்வது சுலபம். எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, "என்னாலதான்" என்று சொல்ல எனக்கு அத்தனை நேரம் பிடித்தது. சொன்னதும் அவள், "அப்படிச் சொல்லாதீங்க மேடம்" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

அறிக்கையை அன்று சாயங்காலமே எழுதினேன். ஐந்தாவது கையின் வளையம் முறுக்கப்படவில்லை. முறுக்கும் வேலைக்கு நடுவே பைலட்டுக்குப் போன் வந்தது. கூப்பிட்டது நான். வேறு வேலை செய்யச் சொல்லி உத்தரவு போட்டதும் நான். படத்தைப் பின்னால் இணைத்தேன். நான் எழுதிய தாளில் இருபத்திரண்டு வரி இருந்தது, நடுவில் யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை என்பதையும் எழுதினேன்.

முதலாளி இரண்டு முறை படித்தார். "உங்க பேர நீங்களே எழுதிக்கோணுமாம்மா? கவனம் சிதறிருச்சுன்னு போட்டா போதாதா?"

"செதற வெச்சது யாருன்னு கேப்பாங்களே."

"யாரும் கேக்க மாட்டாங்க."

"அந்தத் தோட்டத்துக்கார அம்மா கேட்டாங்க" என்றேன். அவர் அறிக்கையை மடித்துக் கவரில் போட்டார்.

அவளுடைய சான்றிதழ் போகவில்லை. மறுபடி பயிற்சி, மறுபடி பரீட்சை, அதுவரை பறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. விசாரித்து எழுதும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். சரிபார்க்கிற வேலை மட்டும் மிஞ்சியது. தாளில் இருபத்து மூன்றாவது வரி ஒன்று சேர்ந்தது: நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்கு.

தோட்டத்துக்காரர் வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். கையில் கட்டுப் பிரித்திருந்தார்கள். "வாங்க" என்று கும்பிட்டார். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மற்றதோடு சேராமல் தனியே விறைத்து நின்றன. உட்காராமலே சொன்னேன், அந்தப் போன் என்னுடையது என்று. அவர் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே" என்றார். "தெனமும் ஆசுபத்திரிக்கு வந்து ஓரமா நின்னுட்டுப் போச்சு. என் தப்புங்க, என் தப்புங்கன்னு அதையேதான் சொல்லுச்சு." பிறகு, "நானும் கயித்துக்கிட்டப் போயிருக்கக் கூடாது. வேண்டாம்னு அது சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன். எங்கிட்டயும் அது சொல்லல" என்றார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "அடுத்த போகத்துக்கு அந்தப் புள்ளயவே வரச் சொல்லுங்க. வேற ஆள் வேண்டாம்" என்றார்.

அடுத்த போகம் சோளம் முழங்கால் உயரம் வந்தபோது கூப்பிட்டார்கள். பரீட்சை தேறி அவள் செய்கிற முதல் வேலை. நானும் போனேன். போனை அணைத்து வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். காற்றே இல்லை. சுண்ணாம்பு வட்டத்துக்குள் அவள் குத்தவைத்து உட்கார்ந்து முதல் கையை விரித்து வளையத்தை முறுக்கினாள். அப்புறம் இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

ஐந்தாவது கைக்கு அவள் நகர்ந்தபோது வீட்டுப் பக்கமிருந்து தோட்டத்துக்காரர் வந்தார். இடது கையில் காப்பி டம்ளர். பின்னாலேயே மனைவி. "ஏனம்மணி, வெறும் வயித்துல வந்திருப்பே. ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு அப்பறம் பண்ணு, வா" என்றார். வயசில் பெரியவர். அவளால் கை வீணாய்ப் போனவர். அவராக நடந்து வந்து கூப்பிடுகிறார். எங்கள் ஊரில் பிறந்த எவளும் எழுந்துவிடுவாள். நானாக இருந்தாலும் எழுந்திருப்பேன்.

அவள் எழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி உள்ளங்கையைக் காட்டினாள்.

"இருங்க" என்றாள்.

அவ்வளவுதான். பின்னால் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவர் டம்ளரைப் பிடித்தபடி கயிற்றுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டார். அவள் ஐந்தாவது வளையத்தின் மேல் வைத்த கையை எடுத்தாள். எழுந்து வட்டத்தைச் சுற்றி வந்து, முதல் கையின் முன்னால் மறுபடி குத்தவைத்து உட்கார்ந்து, முறுக்கிய வளையத்தைத் தளர்த்தி, திரும்ப முறுக்கத் தொடங்கினாள்.